எழுபத்தைந்து கிலோ சுருதி

வல்லரசுவுக்குக் கழுத்து வலி காலையில் எழும்போது இருக்காது. முதல் மூட்டை ஏறும்போது வரும். பத்தாவது மூட்டையில் இடது தோளுக்கு இறங்கும். நாற்பதாவது மூட்டையில் அது எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்ல முடியாது. சாயங்காலம் குழாயடியில் குனிந்து முகம் கழுவினால், நிமிர்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். வயது முப்பத்தொன்று. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் பதினாலு வருஷமாக லோடுமேன்.

கமிட்டியில் நெல் மூட்டை எழுபத்தைந்து கிலோ. களத்தில் எடுத்து, பலகை ஏறி, லாரியில் அடுக்க வேண்டும். ஆறு பேர் வரிசையாகப் போவார்கள். முன்னால் போகிறவன் எல்லாருக்கும் சேர்த்து எண்ணிக்கை சொல்வான். ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மற்றவர்கள் முன்னால் போனால் எண்ணிக்கையைக் கத்துவார்கள். வல்லரசு போனால் பாடுவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூட்டை வந்து முதுகில் உட்கார்ந்ததும் வாயிலிருந்து அப்படித்தான் வரும்.

லாபம்மா லாபம், லாரி மேல ஏறு
ரெண்டுக்கு ரெண்டு கண்ணு, பலகையப் பாத்து வையி
மூணு மூட்ட மொதலாளிக்கு
நாலு மூட்ட நடவாளுக்கு
அஞ்சும் ஆறும் வட்டிக்கு
ஏழு எங்க வீட்டுக்கு
எட்ட எலி தின்னு போச்சு

இப்படி நாற்பது வரைக்கும் போகும். ஒரு நடை லோடு நாற்பது. அதற்கப்புறம் மறுபடியும் லாபம்.

மூட்டை வாயைக் கோணி ஊசியால் தைப்பவள் கலைப்பிரியா. அவளை அவன் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் அது தெரியும். ஆடி மாசம் லோடு குறைவாக இருந்த ஒரு நாளில் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"உன்ன ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

கேட்டான். அவள் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எங்க நைனாவப் பாத்திருக்கல்ல?"

பார்த்திருக்கிறான். அவள் அப்பா பாண்டுரங்கன் இதே கமிட்டியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். கழுத்தெலும்பு ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தலை முன்பக்கமாகத் தொங்கி அப்படியே நின்றுவிட்டது. யார் பேசினாலும் அவர்கள் காலைத்தான் பார்ப்பார். தெருவில் பாதிப் பேரைச் செருப்பை வைத்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"பிறை தெரியுது, மழ வருதுன்னு யாராவது சொன்னா, அவருக்கு நான் மொகம் பாக்கற கண்ணாடியக் கீழ வெச்சிக் காட்டறேன்," என்றாள் கலைப்பிரியா. "இன்னொருத்தருக்கும் கண்ணாடி புடிக்க என்னால ஆவாது. மூட்டைய எறக்கி வெச்சிட்டு வா, பேசலாம். வானூர்ல ஒரு எடம் வந்திருக்குது. கம்பெனில சூப்ரவைசராம். தை பொறந்ததும் பொண்ணு பாக்க வர்றாங்க."

"தைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குது."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

வல்லரசு வேறு வேலை தேடினான். ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலைக்குக் கேட்டான். பத்தாவது பாஸா என்றார்கள். ஆட்டோ ஓட்டப் பழகினான். பழக்கிவிட்டவர் இரண்டாம் நாள் ஆட்டோவை வாங்கிக்கொண்டு, உனக்கு மூட்டைதான் சரி என்று சொல்லி அனுப்பினார்.

புரட்டாசியில் கெடாரிலிருந்து பெரியதம்பி என்ற விவசாயி நாற்பது மூட்டை நெல் கொண்டுவந்தார். யாரையும் நம்பாத மனுஷன். லாரியில் ஏறுவது நாற்பதா முப்பத்தொன்பதா என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று, முதல் மூட்டையிலிருந்து கடைசி மூட்டை வரைக்கும் போனில் படம் எடுத்தார். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. இருந்தாலும் அழிக்க மனசு வரவில்லை. சொந்தக்காரர்கள் தன் நெல்லைப் பார்க்கட்டும் என்று ஸ்டேட்டஸில் வைத்தார். அவர் மருமகன் அதை எடுத்து வேறு எங்கோ போட்டான். எட்டு நாளில் இருபத்திமூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். நெல்லை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. யாருடைய குரல் இது என்றுதான் கேட்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் கமிட்டி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஷபியுல்லா. கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருஷம் மைக் செட் பார்த்துவிட்டு வந்து, திண்டிவனத்தில் மெல்லிசைக் குழு நடத்திக்கொண்டிருந்தார்.

"இந்தத் தொண்டைய வெச்சிக்கினு நெல்லு தூக்கிக்கினு இருக்கியே தம்பி, பேஜாரா இல்ல?"

"கழுத்துதான் பாய் பேஜாரு. தொண்ட பரவால்ல."

"எங்கிட்ட வா. மைக்கு முந்நூறு கிராம். அவ்ளோதான் வெயிட்டு."

வல்லரசு நேராகக் கலைப்பிரியாவிடம் போய், "முந்நூறு கிராம்," என்றான். அவள் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, "மொதல்ல போய்ப் பாடு," என்றாள். ஊசி கோத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவனுக்கும் சேர்த்து டீ வாங்கினாள்.

திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் ஒத்திகை. கீபோர்டு, டிரம்ஸ், தபலா எல்லாம் தயாராக இருந்தன. வல்லரசு துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றான். வாயைத் திறந்தான். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஏதோ வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் திறந்தான். காற்றும் வரவில்லை.

"வெட்கப்படாத தம்பி. நம்ம ஆளுங்கதான்."

"வெட்கமில்ல பாய். வர்ல."

ஒரு மணி நேரம் பார்த்தார்கள். கீபோர்டுக்காரர் துணியைப் போட்டு மூடிவிட்டு சிகரெட் பிடிக்கப் போனார். வீணாக உட்கார்ந்திருக்க வல்லரசுவுக்குப் பழக்கமில்லை. மூலையில் இரண்டு பேர் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை நகர்த்த முடியாமல் முக்கிக்கொண்டிருந்தார்கள். போய்க் குனிந்தான். முதுகில் ஏற்றினான். ஏறியதும், "லாபம்மா லாபம்" என்றான். கீழே கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

"அப்பிடியே நில்லு," என்றார் ஷபியுல்லா.

அவர் எதையும் சோதித்துப் பார்க்காமல் முடிவு செய்கிறவர் இல்லை. அரிசிக் கடையிலிருந்து சிப்பம் சிப்பமாக வரவழைத்து ஒரு கோணியில் போட்டுப் பார்த்தார். இருபத்தைந்து கிலோவில் வல்லரசுவுக்கு இருமல் வந்தது. ஐம்பதில் அதைப் பாட்டு என்று சொல்லலாம். எழுபதில் சுருதி லேசாக இறங்கி நின்றது. எழுபத்தைந்தில் கீபோர்டுக்காரர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"எண்பது வெச்சா இன்னும் ஏறுமா?"

"கமிட்டில எழுபத்தஞ்சுதான் பாய்."

வல்லரசு அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டான். கமிட்டியில் ஒரு நாளைக்கு நூற்றிருபது மூட்டை. மேடையில் ஒரு மூட்டை. நூற்றிருபதிலிருந்து ஒன்றுக்கு வருவது இறக்கி வைப்பது மாதிரிதான். இந்தக் கணக்கு அவனுக்குச் சரியாகப் பட்டது. கலைப்பிரியாவுக்குச் சரியாகப் படாது என்பதும் தெரிந்தது.

அவள் போஸ்டரைப் பார்த்தாள். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்தார்கள். 'மூட்டை புகழ் வல்லரசு' என்று எழுதி, முதுகில் மூட்டையோடு சிரிக்கிற படம்.

"எறக்கி வெச்சிட்டு வான்னா, எல்லாருக்கும் தெரியற மாதிரி ஏத்திக்கினு நிக்கிற."

"அது தெர்மாகோலு."

"எது?"

"மூட்ட. உள்ள தெர்மாகோலு. ரெண்டு கிலோகூட வராது. ஜனங்க மூட்டையோட பாத்துட்டாங்கல்ல, அதனால பாய் சும்மா வெக்கச் சொன்னாரு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷம் வெயிலில் நின்ற முகம். அதில் பொய் தனியாகத் தெரியாது.

"சரி," என்றாள். "வானூர்க்காரங்கள மாசிக்கு வரச் சொல்லச் சொல்றேன் நைனாகிட்ட."

அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல நேரமே சரியாக அமையவில்லை.

ஐப்பசியில் பதினோரு கச்சேரி. பாண்டிச்சேரி, செஞ்சி, மரக்காணம். டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, தன் பையை அவன் தோளில் வைத்து, இதுக்கு எவ்ளோ வருதோ அவ்ளோ பாடுங்க என்றார். அது வெறும் துணிப் பை, ஒன்றும் வரவில்லை. ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கி வைத்தாள். பதினோரு கிலோ. லேசாக முனகல் வந்தது. குழந்தை அழுதது. அதைப் படம் எடுத்தார்கள். அதையும் நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

கழுத்துதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. சுமையோடு நடக்கலாம், நிற்கக் கூடாது. எந்த லோடுமேனும் மூட்டையை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க மாட்டான். மேடையிலோ மைக் ஓரிடத்தில் இருந்தது. நாற்பது வரைக்கும் பாடினால் ஐந்து நிமிஷம். முடிந்ததும் ஷபியுல்லாவின் ஆட்கள் இரண்டு பேர் வந்து இறக்கிவிடுவார்கள். எழுபத்தைந்து கிலோவை எந்த ஆளாலும் தனியாக இறக்கி வைக்க முடியாது. உதறினால் இடுப்பு போய்விடும். இப்போதெல்லாம் காலையில் எழும்போதே வலி இருந்தது. வல்லரசு இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்த்தான்.

"இன்னா, ராஜா மாதிரி திரும்பற?" என்றாள் கலைப்பிரியா ஒருநாள்.

"மேடைல பழகிடுச்சி."

கார்த்திகையில் கமிட்டியில் நெல் வாங்கும் ஒரு மண்டி முதலாளி தன் மகளுக்குத் திண்டிவனத்தில் ரிசப்ஷன் வைத்தார். கச்சேரி ஷபியுல்லாவுடையது. கமிட்டியில் தைக்கிறவர்கள், தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் பத்திரிகை வந்தது. ஒரு வேன் பிடித்துப் போனார்கள். பாண்டுரங்கனும் வருகிறேன் என்றார்.

"நீ எங்க நைனா, கழுத்த வெச்சிக்கினு?"

"பாட்டுதான. கேக்கறதுக்குக் கழுத்து எதுக்கு?"

முதல் வரிசையில் அவரை உட்கார வைத்தாள். நாற்காலியில் நன்றாகச் சரிந்துகொண்டால், மேடையில் நிற்பவர்கள் முழங்கால் வரைக்கும் அவருக்குத் தெரிந்தது. பொண்ணு மாப்பிள்ளைக்கு நல்ல செருப்பு என்றார்.

மூட்டை ஏறியது. வல்லரசு பாடினான். குரல் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. கலைப்பிரியா அவன் பாடுவதை ஆறு வருஷமாகக் கேட்கிறவள்தான். லாரி சத்தம் இல்லாமல் கேட்டதில்லை. ஊசி இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பது முடிந்தது. விசில் அடித்தார்கள். மாப்பிள்ளையே எழுந்து, இன்னொரு தடவை என்றார். ஷபியுல்லா மிக்ஸர் பக்கத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வல்லரசு மறுபடியும் லாபத்திலிருந்து ஆரம்பித்தான். பதினைந்தில் இடது கை மரத்துப்போனது. இருபத்தெட்டில் கழுத்தில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டு விடவில்லை. நாற்பதை எட்டினான். பக்கத்தில் யாரும் வரவில்லை. இறக்கிவிட வேண்டிய இரண்டு பேரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசிப் பந்தி, பிரியாணி தீர்ந்துவிடும் என்று கூட்டிப் போயிருந்தார்கள்.

பாட்டை நிறுத்தினால் தம் விட்டுப்போகும். தம் போனால் கால் மடங்கும். அதனால் அவன் நிறுத்தவில்லை. நாற்பதுக்கு மேல் அந்தப் பாட்டில் வரி கிடையாது. கண்ணுக்கு எதிரில் இருந்ததைப் பாடினான்.

நாப்பத்தொண்ணு நாக்காலி
நாப்பத்திரண்டு ஐஸ்கிரீமு
நாப்பத்திமூணு ஆளக் காணோம்
நாப்பத்திநாலு ஆளக் கூப்புடு பாய்

சபை சிரித்தது. டிரம்ஸ்காரர் வேகத்தைக் கூட்டினார். "ஆளக் கூப்புடு பாய்" என்று முன்வரிசைப் பையன்கள் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். ஷபியுல்லாவும் தலையை ஆட்டி ரசித்தார். புது வரி நன்றாகத்தான் இருந்தது.

பாண்டுரங்கன் மகளின் கையைத் தட்டினார்.

"கலை. அது தெர்மாகோலு இல்ல."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"கட்ட வெரலப் பாரு. பஞ்சு தூக்கறவன் வெரலு அப்பிடி விரியாது. எழுபத்தஞ்சு இருக்கும். முட்டி ஆடுது. எறக்க ஆளில்லாம நிக்கிறான், போ."

கலைப்பிரியா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். கல்யாண வீட்டுக்கு என்று எடுத்துக் கட்டிய புடவை. அவன் பின்னால் போய், மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்து, "குனி," என்றாள். குனிந்தான். மூட்டை சரிந்து விழுந்தது. மேடைப் பலகை இரண்டு உடைந்து, மூட்டை பாதி உள்ளே போய் நின்றது. சத்தம் மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. டிரம்ஸ் நின்றது.

மைக் நிற்கவில்லை.

"எவ்ளோ எட?"

"எழுபத்தஞ்சு."

"எங்கிட்ட இன்னா சொன்ன?"

"தெர்மாகோலு."

"மூட்டைய எறக்கி வெச்சிட்டு வான்னுதான சொன்னேன்?"

"எறக்கிட்டனே."

"நீ எங்க எறக்கின? நாந்தான எறக்கினேன்."

சபையில் கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. நகைச்சுவைப் பகுதி புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். பொண்ணு வீட்டார் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் இன்னொரு தடவை என்று கேட்டார். வல்லரசு கழுத்தைத் திருப்ப முடியாமல், அவளைப் பார்ப்பதற்காக உடம்பையே திருப்பினான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் இரண்டு இடத்தில் எலும்புக்கு நடுவிலிருக்கும் தட்டு பிதுங்கியிருந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கையால் காட்டினார். பாண்டுரங்கன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். டாக்டர் கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

மேடையில் அவர்கள் பேசியதை யாரோ படம் எடுத்துப் போட, அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் வானூர்க்காரர்கள். இவ்வளவு பேசுகிற பெண் எங்களுக்குச் சரிப்படாது என்று போன் செய்துவிட்டார்கள்.

"நல்லதாப் போச்சி," என்றார் பாண்டுரங்கன். "அவன் செருப்பு எனக்குப் புடிக்கல. எடம் பேச வந்தப்பவே பாத்தேன்."

ஷபியுல்லா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டார், உண்மையாகவே கேட்டார். அதற்கப்புறம் கலைப்பிரியாவைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சேந்து மேடைல வந்தீங்கன்னா நல்லா எடுபடும்மா. தம்பிக்குச் சின்னதா ஒரு மூட்ட…" என்று ஆரம்பித்தார். அவள் பழத்தை உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "வர்றேம்மா," என்று அவர் கிளம்பினார். அடுத்த வாரம் சேலத்துப் பக்கம் பரோட்டா அடித்துக்கொண்டே பாடும் ஒருவர் கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டார்கள்.

வல்லரசு கட்டிலில் கழுத்துப் பட்டையோடு படுத்திருந்தான். மேலே மின்விசிறியைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

"பொய் சொன்னேன்," என்றான்.

"தெரியும். அறுவது லட்சம் பேருக்குத் தெரியும்."

"இனிமே மூட்ட இல்ல. அதனால பாட்டும் இல்ல. எங்கிட்ட ஒண்ணும் இல்ல, கலை."

"வாய மூடு. பழத்தத் தின்னு."

தின்றான்.

"நான் தைக்கிற வேலைய உனக்குக் கத்துத் தர்றேன்," என்றாள். "மல்லாட்ட சீசன் வருது, கடல மூட்ட தைக்க ஆளு பத்தாது. பொம்பள வேலன்னு உங்கூட மூட்ட தூக்கன ரஞ்சித்தும் மத்தவனுங்களும் சிரிப்பானுங்க. சிரிக்கட்டும். தைலயே கல்யாணத்த வெச்சிக்கலாம், நைனாவும் சரின்னுட்டாரு. ஆனா எறக்கினது நீ இல்ல, நான். அதுக்கு நீ எனக்கு ஒரு பாட்டு தரணும்."

"எந்தப் பாட்டு?"

"எதுவா இருந்தாலும் சரி. ஒடம்பு மேல ஒரு கிராம் இருக்கக் கூடாது. உக்காந்துக்கினு, சும்மா, எனக்கு மட்டும். முழுசா."

"பாடறேன்."

தையில் கல்யாணம் நடந்தது. வல்லரசு இப்போது கமிட்டியில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து மூட்டை தைக்கிறான். தையல் சுமார்தான். ரஞ்சித் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும்போது, "சூப்பரா தெச்சிருக்கியே அண்ணி," என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறான். வீட்டில் காலையில், அவள் சோறு வடிக்கும்போது, வல்லரசு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறக்கிறான். சில நாள் காற்று வருகிறது. மாசியில் ஒருநாள் லாபம் வரைக்கும் வந்தது. ரெண்டு வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல், "நாளைக்குப் பாரு," என்றாள்.

முழுப் பாட்டு ஒன்று கலைப்பிரியாவுக்கு அவன் இன்னும் பாக்கி.